மடிப்பு இயந்திரம் நடந்த தூரம்

எங்கள் மருத்துவமனைச் சலவைப் பிரிவில் போடில் என்பவள் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தாள். அதில் இருபத்திரண்டு வருஷம் நான் அவளுக்கு எதிர் மேஜையில் நின்றிருக்கிறேன். அதனால் அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி ஒன்றும் இல்லை என்று போடில் சொல்வாள். அதற்கும் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

ஆள் குள்ளம், நல்ல அகலம். தினமும் ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வருவாள், கடலிலிருந்து வரும் மேற்குக் காற்று முகத்தில் அறையும்போதும் அதே சைக்கிள்தான். ஏழு மணிக்கு அழுக்கு மூட்டைகளைப் பிரிப்பாள். டாக்டர், நர்ஸ், துப்புரவு ஆள் என்று மருத்துவமனையில் யார் போட்ட வெள்ளைச் சட்டையானாலும் எங்களிடம்தான் வரும். துவைக்கப் போடும் முன் சட்டைப் பைகளைத் துழாவிக் காலி செய்வது அவள் வேலை. பேனா வரும், கத்தரிக்கோல் வரும், காதணி வரும், ஒரு தடவை பல்செட் வந்தது. எல்லாவற்றையும் உறையில் போட்டு, காலரில் தைத்திருக்கும் பெயரைப் பார்த்து எழுதி, அவரவர் தபால் பெட்டியில் வைத்துவிடுவாள். யார் பையில் என்ன இருந்தது என்று முப்பத்தொரு வருஷத்தில் யாரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை. நானே எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஒன்பது மணிக்கு மேல் துவைத்த துணியை வண்டியில் ஏற்றி, நிலத்தடிப் பாதை வழியாக எல்லா வார்டுக்கும் தள்ளிக்கொண்டு போவாள். ஏற்றிய வண்டி ஒரு பன்றியின் கனம் இருக்கும். பிரேக் ஒரு பக்கம்தான் பிடிக்கும். மூன்று மணி வரை தள்ளுவாள். இந்த உடம்பைப் பார்த்துத்தான் உல்ரிக் பாட்டு எழுதினான்.

உல்ரிக் ஒரு ஜனவரி மாதம் எங்களுக்குத் தலைவனாக வந்தான். நாற்பத்தொன்பது வயது, ஒட்டிய வயிறு, காலில் ஓட்டப்பந்தய ஷூ. வந்த முதல் வாரமே வெள்ளிக்கிழமை கேக்கை நிறுத்தினான். முறை போட்டு ஆளுக்கொரு வெள்ளிக்கிழமை கேக் கொண்டுவருவது நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே இருந்த வழக்கம். போடிலின் முறை வந்தால் வார்டிலிருந்தெல்லாம் ஆள் இறங்கி வருவார்கள். தேங்காய்த் துருவலும் பழுப்புச் சர்க்கரையும் வெண்ணெயில் உருக்கி மேலே ஊற்றிய கேக். அதற்குப் பதிலாகத் தட்டில் கேரட் துண்டு வந்தது.

"வெள்ளைச் சர்க்கரை இருக்கே, அது சுத்த விஷம்," என்று சாப்பாட்டு மேஜையில் உல்ரிக் சொன்னான். "நான் ஆறு வருஷமா தொடலை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல எதையும் வாயில வைக்கிறதில்ல."

"பல் விளக்குற பிரஷ்ஷையுமா?" என்று கேட்டான் ஐனர். ஐனர் எங்கள் பிரிவில் பழுது பார்க்கிறவன், கட்டடத்தில் எது நின்றுபோனாலும் அவனைத்தான் கூப்பிடுவோம்.

"நீ சிரி. உன் எடை எவ்வளவு?"

"அதை ஏன் கேக்குற. என் பொண்டாட்டி புதுசா ஒரு எடை மெஷின் வாங்கிட்டு வந்திருக்கா. ஏறி நின்னா எலும்பு இவ்வளவு, தண்ணி இவ்வளவு, கொழுப்பு இவ்வளவுன்னு கூறு போட்டுச் சொல்லுது. கறிக்கடைக்காரன்கூட என்னை அப்படிப் பார்த்ததில்ல."

போடில் தன் கறுப்பு ரொட்டியில் ஈரல் மசியலைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "பசிச்சா வயிறு சொல்லுது. வலிச்சா முட்டி சொல்லுது. இதுக்கு நடுவுல பேட்டரி எதுக்கு?"

"அதுக்குத்தான் போடில், உனக்கும் ஒண்ணு கொண்டுவந்திருக்கேன்," என்று சிரித்தான் உல்ரிக். பை நிறைய மணிக்கட்டுப் பட்டைகள். நடக்கிற அடிகளை எண்ணும். எல்லோரும் கட்ட வேண்டும், கிறிஸ்துமஸ் வரை போட்டி, வாராவாரம் வெள்ளிக்கிழமை சாப்பாட்டு அறைத் திரையில் பெயரும் ஒவ்வொரு நாளின் எண்ணும் வரும்.

முதல் வெள்ளிக்கிழமை போடில் கடைசி. இரண்டாவது வெள்ளிக்கிழமையும் கடைசி. கணக்குப் பிரிவில் நாளெல்லாம் உட்கார்ந்து, பேசும்போது மட்டும் கையை ஆட்டும் ஒருத்திக்கு நாளுக்கு ஆறாயிரம் அடி. நாளெல்லாம் வண்டி தள்ளும் போடிலுக்குத் தொள்ளாயிரம்.

மூன்றாவது வாரம் அவளே கண்டுபிடித்துவிட்டாள். பட்டையைக் கழற்றிக் காலுறைக்குள் செருகிக்கொண்டு ஒரு நாள் வேலை பார்த்தாள். பத்தொன்பதாயிரம் காட்டியது. நேராக உல்ரிக்கின் அறைக்குப் போனாள், நானும் கூடப் போனேன்.

"இது கால எண்ணல, உல்ரிக். கை ஆடுறத எண்ணுது. வண்டியப் பிடிச்சிருந்தா கை ஆடாது. சைக்கிள்லயும் ஆடாது. நான் நடக்குற எதுவும் இதுக்குத் தெரியல."

அவன் நின்றுகொண்டே தட்டச்சு செய்யும் உயரமான மேஜையிலிருந்து திரும்பினான். கோபமே இல்லை, நோயாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"எல்லாரும் மணிக்கட்டுலதான் கட்டுறாங்க. உனக்கு மட்டும் தனி விதியா? கருவி பொய் சொல்லாது, போடில். நாமதான் நமக்கே பொய் சொல்லிக்குவோம்."

காலுறையில் கட்டிய நாளைத் திரையிலிருந்து எடுத்தும் விட்டான். எனக்கு அங்கேயே அவன் கழுத்தைப் பிடிக்கத் தோன்றியது. போடில் வெளியே வந்து வண்டியைத் தள்ளினாள்.

ஏப்ரலில் அவளுக்கு அறுபது வயது. பத்தில் முடியும் பிறந்தநாள் எங்களுக்குப் பெரிய விஷயம். சாப்பாட்டு அறையில் மேஜைக்கு மேஜை காகிதக் கொடி வைப்போம், கேக் உண்டு, பாட்டு உண்டு. பாட்டை யாராவது ஒருவர் பிறந்தநாள்காரரைப் பற்றியே எழுதிவருவார், எல்லோருக்கும் தெரிந்த பள்ளிக்கூடத்து மெட்டில். தாளைச் சுருட்டி நாடா கட்டி ஒவ்வொரு தட்டின் மேலும் வைத்திருப்பார்கள். பாடுகிற நேரத்தில்தான் பிரிக்க வேண்டும், முன்னால் படிப்பது மரியாதை இல்லை. கிண்டல் இருக்கும், இருக்கத்தான் வேண்டும். கிண்டல் செய்யப்படுகிறவர் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் எழுந்து நன்றி சொல்லி, எழுதியவருக்குக் கை கொடுக்க வேண்டும். முகம் சுளித்தவர் பேர் அந்த இடத்தில் அன்றோடு முடிந்தது.

போடிலின் பாட்டை எழுத உல்ரிக் முன்வந்தான். ஐனர் அக்கார்டியன் வாத்தியத்தை இழுத்தான். நாங்கள் தாளைப் பிரித்தோம், பாடினோம்.

போடில் வண்டி உருளுது, போடில் காலோ உறங்குது,
நானூறு அடி வைத்ததும் நாற்காலியைத் தேடுது.
கையில் கட்டிய பட்டை கேட்குது, அம்மா உயிரோடு இருக்கிறாயா?
வாயில் கேக் இருப்பதால்தான் பதில் சொல்ல மறுக்கிறாயா?

இப்படி ஐந்து பத்தி. அறுபது பேர் பாடினோம். ஃபூன் தீவிலிருந்து வந்திருந்த அவள் தங்கையும் சிரித்துச் சிரித்துப் பாடினாள், அவளுக்கு என்ன தெரியும். போடில் சிரித்த முகத்தை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்தாள், நன்றி சொன்னாள், உல்ரிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிடித்த பிடியில் அவன் லேசாக முட்டியை மடித்ததை நான் பார்த்தேன். அவ்வளவுதான், ஆளைவிட்டால் போதும் என்று வீட்டுக்குப் போய்விடுவாள், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருஷம் எதிரே நின்றும் எனக்கு அவளைத் தெரிந்தது அவ்வளவுதான்.

மே மாதம் அவள் வீட்டுக்குப் போனபோது அந்தப் பாட்டுத் தாள் குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டியிருந்தது.

"இதை ஏன் வச்சிருக்க? கிழிச்சுப் போடு," என்றேன்.

"தினமும் பால் எடுக்கும்போது ஒரு பத்தி படிக்கிறேன். ஆறிடக் கூடாது பாரு."

பக்கத்தில் ஒரு காபி டப்பா இருந்தது. திறந்து காட்டினாள். உள்ளே மிட்டாய்த் தாள்கள். சாக்லேட் பூசிய நுரை இனிப்பைச் சுற்றிவரும் பொன் நிறத் தாள், அதிமதுர மிட்டாய்ப் பொட்டலம், ரயில் நிலையத்துச் சாசேஜ் வண்டியில் கொடுக்கும் கைத்துடைப்புத் தாள், கடுகு விழுது காய்ந்துபோய். ஒவ்வொன்றின் மேலும் பென்சிலில் தேதி.

"யாரோடது இது?"

அவள் தாள்களைக் கிழமை வாரியாக அடுக்கினாள். முப்பத்தொரு வருஷத்தில் சட்டைப் பை ரகசியம் ஒன்று அவள் கையை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது, அதை மறைப்பானேன்.

"எதுக்கு வச்சிருக்க?"

"நவம்பர்ல அவனுக்கு அம்பது."

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூட்டையைப் பிரித்தபோது, உல்ரிக் என்று காலரில் தைத்த சட்டையிலிருந்து அவனுடைய பட்டையே வந்து விழுந்தது. சட்டை மாற்றும்போது கழற்றிப் பையில் போட்டிருக்கிறான். வழக்கப்படி உறையில் போட வேண்டும். போடில் அதை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு படுக்கை விரிப்பு மடிக்கும் இயந்திரத்திடம் போனாள். அதற்கு ஒரு இரும்புக் கை உண்டு, விரிப்பு வர வர முன்னும் பின்னும் வீசிக்கொண்டே இருக்கும். அந்தக் கையில் பட்டையைக் கட்டினாள், இரண்டு துளை இறுக்கி. பொத்தானை அழுத்தினாள்.

"போடில், என்ன பண்ற?"

"தொலஞ்சு போயிடக் கூடாதுல்ல. பத்திரமா மாட்டி வச்சிருக்கேன்."

மூன்று மணி வரை அது வீசியது. எதிரே நின்று விரிப்பை ஊட்டிக்கொண்டிருந்தவள் நான்தான். வேலை முடிந்ததும் பட்டையை உறையில் போட்டு, பெயர் எழுதி, அவன் தபால் பெட்டியில் வைத்தாள். புதன்கிழமை காலை அவன் அதை எடுத்துக் கட்டிக்கொண்டதை ஐனரும் பார்த்தான்.

"வெள்ளிக்கிழமை திரையில வரும்," என்று போடில் என்னிடம் சொன்னாள். "அது தப்பு, அன்னிக்கு நான் கட்டவே இல்லைன்னு அவன் சொல்லிட்டா, பாட்டையும் டப்பாவையும் அடுப்புல போட்டுடுறேன். நிஜமா."

அப்படிச் செய்திருப்பாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அவள் முகத்தில் பொய் இல்லை.

வெள்ளிக்கிழமை திரையில் வந்தது. உல்ரிக், செவ்வாய், இருபத்தேழாயிரத்து முந்நூறு. போட்டி தொடங்கிய நாளிலிருந்து யாரும் எட்டாத எண். எல்லோரும் மேஜையைத் தட்டினார்கள்.

"எங்கய்யா நடந்த, ஜெர்மனிக்கா?" என்றான் ஐனர்.

உல்ரிக் திரையைப் பார்த்தான். கேரட் துண்டு ஒன்றை எடுத்தான், கடிக்கவில்லை. எதிர் மேஜையில் போடில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"வேலை முடிஞ்சு ஏரியச் சுத்தி நடந்தேன்," என்றான். "ரெண்டு சுத்து. காத்து நல்லா இருந்துச்சு."

போடில் ஒரு கேரட் துண்டை எடுத்து முழுசாகத் தின்றாள். அதற்கு முன் அவள் அந்தத் தட்டைத் தொட்டதே இல்லை.

நவம்பரில் உல்ரிக்குக்கு ஐம்பது வந்தது. கேக் வேண்டாம், பேரீச்சம்பழ உருண்டை போதும் என்று அவன் சொல்லிப் பார்த்தான். ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் கேக் இல்லாமலா என்று கணக்குப் பிரிவே எழுந்து நின்றது. கேக் நான் செய்கிறேன் என்றாள் போடில். பாட்டும் நானே எழுதுகிறேன் என்றாள். உல்ரிக்குக்கு அது பிடித்திருந்தது. "பாத்தீங்களா, எங்களுக்குள்ள மனஸ்தாபமே இல்லை," என்று எல்லோரிடமும் சொன்னான். மருத்துவமனையின் பெரிய அதிகாரி வந்திருந்தார், உல்ரிக்கின் மனைவி வந்திருந்தாள், அவனுடைய ஓட்டப்பந்தயக் குழுவிலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள். மேஜைகளில் கொடி. தட்டுகளின் மேல் சிவப்பு நாடா கட்டிய சுருள்.

ஐனர் அக்கார்டியனை இழுத்தான். அதே மெட்டு, ஏப்ரலில் பாடிய அதே மெட்டு. நாங்கள் தாளைப் பிரித்துப் பாடினோம்.

சர்க்கரை எல்லாம் நஞ்சென்பான், சபையில் கேரட் கடித்திடுவான்,
சட்டைப் பையில் பொன் தாளைச் சலவைக்காரிக்கு விட்டிடுவான்.
திங்கள் அதிமதுர மிட்டாய், வியாழன் சாசேஜ் வண்டியிலே,
தேதி போட்டு வைத்திருக்கோம், தேடிப் பாருங்கள் டப்பாவிலே.

இரண்டாவது வரியில் சிரிப்பு வந்தது. நான்காவது வரியில் போடில் எழுந்து காபி டப்பாவை மேஜை நடுவில் வைத்து மூடியைத் திறந்தாள். உல்ரிக்கும் சிரித்தான், காது சிவந்தாலும் சிரித்தான். மிட்டாய் தின்றதற்காக எந்த மனிதனும் சாக மாட்டான். அவன் மனைவிதான் முதலில் டப்பாவுக்குள் கைவிட்டு ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள். அக்கார்டியன் நிற்கவில்லை, நாங்களும் நிற்கவில்லை. அடுத்த பத்தி வந்தது.

ஏரியைச் சுற்றி நடந்தானாம், இரண்டு சுற்று நடந்தானாம்,
அன்று அவனுடைய பட்டையோ சலவை அறையில் கிடந்ததாம்.
மடிப்பு இயந்திரக் கையிலே மாலை வரையில் ஆடியதாம்,
கருவி பொய்யே சொல்லாதாம், கட்டியவன்தான் சொன்னானாம்.

சேர்ந்து பாடும்போது வாய் முன்னால் போகும், மூளை பின்னால் வரும். கடைசி வரியைப் பாடி முடித்த பிறகுதான் என்ன பாடினோம் என்று அறைக்கு உறைத்தது. குரல்கள் ஒவ்வொன்றாக அமுங்கின. ஓட்டப்பந்தயக் குழுவில் ஒருவன், "இருபத்தேழாயிரம்னு இவன் நம்மகிட்ட பீத்திக்கிட்ட செவ்வாய்க்கிழமை, ஏரிப் பக்கம் இவனைக் காணலையேன்னு அப்பவே நினைச்சேன்," என்று பக்கத்திலிருந்தவனிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. உல்ரிக்கின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, கழற்ற மறந்த கண்ணாடி போல. பெரிய அதிகாரி தாளை மடித்து வைத்தார்.

இன்னும் ஒரு பத்தி இருந்தது. எழுதியதை முழுக்கப் பாட வேண்டும், பாதியில் நிறுத்துவது எங்களிடம் இல்லை. ஐனர் இழுத்தான். குனிந்த தலையோடு பாடினோம்.

வசந்தத்தில் ஒரு தாள் வந்தது, வாய்விட்டு நாமும் பாடினோம்,
வரிகள் யாரை அறுக்குதென்று வாசித்தா நாம் பாடினோம்?
இன்றும் ஒரு தாள் கிடைத்தது, இதையும் சேர்ந்தே பாடுகிறோம்,
யார் தலை உருண்டால் நமக்கென்ன, மெட்டு இருந்தால் பாடுகிறோம்.

அது முடிந்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. வழக்கப்படி உல்ரிக் எழுந்தான். நன்றி என்றான். நல்லா எழுதியிருக்க போடில் என்றான். கை கொடுத்தான். அவள் மெதுவாகத்தான் பிடித்தாள், இந்தத் தடவை அழுத்தத் தேவையிருக்கவில்லை. பிறகு கேக்கின் மூலைத் துண்டை, சர்க்கரை அதிகம் இறங்கியிருக்கும் துண்டை, வெட்டி அவன் தட்டில் வைத்தாள். அவன் அதை முழுக்கத் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். எனக்கு உள்ளுக்குள் இனித்தது. இதற்காக ஏழு மாதம் காத்திருந்தவள் அவள் மட்டும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன், நானும்தான் என்று.

அந்த நினைப்போடுதான் அவள் பக்கத்தில் போய் நின்று தோளில் கை வைத்தேன். "நல்லா குடுத்தடி அவனுக்கு," என்றேன்.

போடில் எனக்கும் ஒரு துண்டு வெட்டினாள். அதே அளவு, அதே மூலை.

"சாப்பிடு, டோர்த்தே. ஏப்ரல்ல அறுபது பேர் பாடினீங்க. எனக்குக் கேட்ட குரல் ஒண்ணுதான். எதிர் மேஜைல இருந்து வந்துச்சு, நல்ல உரக்க."

மெட்டு எனக்குப் பிடித்த மெட்டு, பாடினேன். கேக்கைத் தின்றேன். அவள் பக்கத்திலேயே நின்றாள், தட்டு காலியாகும்வரை.

உல்ரிக் புதுவருஷத்தில் வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போனான். பட்டைகளை ஐனர் ஒரு பெட்டியில் அள்ளிக் கிடங்கில் வைத்தான், வெள்ளிக்கிழமை கேக் திரும்ப வந்தது. ஆனால் அந்தப் பிறந்தநாளுக்கு மறுநாள் காலை போடில் மூட்டையைப் பிரித்தபோது ஒரு சட்டைப் பையிலும் ஒரு பேனாகூட இல்லை. டாக்டர், நர்ஸ், துப்புரவு ஆள், எல்லாரும் பையைக் காலி செய்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தார்கள். அவள் ஒவ்வொரு பைக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தாள், எல்லாச் சட்டையும் முடியும்வரை. கடைசியாக வந்தது என் சட்டை. அதுவும் காலிதான்.